“எல்லாரும் ஏம்மா என்கிட்ட இவ்வளவு நல்லா நடந்துக்கறாங்க?”

பெங்களூரில் அல்சூர் பக்கம் வசிக்கும் ஒரு தாயின் நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணவர் சின்னதாக மிக்ஸி, ஃபேன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். 12 வயதில் மகள், 8 வயதில் மகன், கூடவே மாமியார். மகனுக்குப் போன வருடம் ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. கடுமையான கீமோ கட்டங்கள் முடிந்து, இப்போது மெயின்டனன்ஸ் என்னும் மாத்திரைக் கட்டத்தில் இருக்கிறான். நெஞ்சில் தோலுக்கடியில், மருந்து ஏற்றுவதற்கான போர்ட் என்ற சிறு கருவி இருக்கிறது. ரத்த எண்ணிக்கை நன்றாக இருப்பதாகச் சொல்லி, மருத்துவர் வெளியே போய்வர அனுமதித்திருக்கிறார். கணவர் மாதக்கணக்கில் சேமித்த பணத்தில் எல்லோரும் மைசூரு சாலையில் பிடதி பக்கம் இருக்கும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போயிருக்கிறார்கள்.

அங்கே நடந்ததுதான் கடிதத்தின் பெரும்பகுதி. முகக்கவசம், தொப்பி, மாத்திரையால் உப்பிய முகம், வரிசையில் நிற்க முடியாமல் அக்காவின் மேல் சாய்ந்த பையன். இதைக் கவனித்த ஊழியர் ஒருவர், தருமபுரிக்காரராம், நாற்காலி கொண்டுவந்து போட்டிருக்கிறார். வெளியேறும் வழியாக ராட்டினத்துக்குள் விட்டு, இறங்காமலே இரண்டாவது சுற்றும் போக வைத்திருக்கிறார். பின்னால் நின்ற ஒரு கன்னடக் குடும்பம் முகம் சுளிக்காமல் வழிவிட்டதோடு, அந்த வீட்டுப் பாட்டி பையனின் தலையைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறார். மதியம் சாப்பிட்டு முடித்துப் பணம் கட்டப் போனால், யாரோ ஏற்கெனவே கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு இளம்பெண் பையன் சிரிப்பதை வீடியோ எடுத்து, “போடட்டுமா அக்கா, நிறையப் பேர் பண உதவி செய்வாங்க” என்று கேட்டு எண்ணும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

அன்று இரவிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. “நம்மளப் பார்த்தா பிச்சைக்காரங்க மாதிரியா இருக்கு?” என்று கணவர் கத்தியிருக்கிறார். அடுத்தடுத்த நாளில் பையனுக்குக் காய்ச்சல் வர, மாமியார் கண் பட்டுவிட்டது என்கிறார். “தம்பிக்கு மட்டும்தான் எல்லாமா?” என்று மகள் கேட்டிருக்கிறாள். தூங்கப் போகும்போது மகன் கேட்டதுதான் இந்தக் கடிதத்தையே எழுத வைத்திருக்கிறது: “எல்லாரும் ஏம்மா என்கிட்ட இவ்வளவு நல்லா நடந்துக்கறாங்க? நான் சாகப் போறேனா?” இவர், “சீ, தூங்கு” என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டாராம். மகனுக்கு நோயின் பெயரை இன்னும் சொல்லவில்லை. “ரத்தத்துல சின்னப் பிரச்சனை” என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். உதவியை ஏற்றுக்கொண்டது தவறா, எப்படித் திருப்பிக் கொடுப்பது, வீடியோவுக்குச் சம்மதிக்கலாமா, பையன் மறுபடி போகணும் என்கிறானே என்ன செய்ய என்பவை கேள்விகள்.

அம்மா, குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்யும் மருத்துவராக ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்ட வரிசையில் சொல்ல மாட்டேன். மகனின் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் அதுதான் முதலில்.

அவனுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள்

“குழந்தைக்கு ஒன்றும் தெரியாது” என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். தெரியும் அம்மா. மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1970களில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளோடு மருத்துவமனையில் நாள்கணக்காக இருந்து கவனித்தார். யாரும் சொல்லாமலே அந்தக் குழந்தைகள் தங்கள் நோய் எவ்வளவு பெரியது என்று புரிந்துவைத்திருந்தார்கள், பெற்றோர் கலங்கிவிடுவார்களே என்று தெரியாத மாதிரி நடந்துகொண்டார்கள். பெரியவர்கள் குழந்தைக்காக மறைக்க, குழந்தை பெரியவர்களுக்காக மறைக்க, அந்த வார்டில் எல்லோரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தார்கள். நம் ஊர் வார்டிலும் நான் தினமும் பார்ப்பது இதைத்தான்.

உங்கள் மகன் எப்படிக் கணக்குப் போட்டிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். எப்போதும் அடிக்கிற அக்கா அடிப்பதில்லை. பரீட்சை எழுதாவிட்டாலும் டீச்சர் திட்டுவதில்லை. ஊரிலிருந்து வரும் மாமா கையில் 500 ரூபாய் நோட்டைத் திணித்துவிட்டு வாசலுக்குப் போய் மூக்கைச் சிந்துகிறார். நீங்கள் ஃபோனில் பேசும்போது அவன் அறைக்குள் வந்தால் குரலைத் தாழ்த்துகிறீர்கள். வார்டில் பக்கத்துப் படுக்கைப் பிள்ளை ஒருநாள் இல்லாமல் போனதையும் பார்த்திருப்பான், ஏன் என்று யாரும் அவனிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இதற்கெல்லாம் மேல் பூங்காவில் முன்பின் தெரியாதவர்கள் வழிவிடுகிறார்கள், ஒரு பாட்டி கும்பிடுகிறார். சாகப் போகிறவனிடம்தான் எல்லோரும் இப்படி இருப்பார்கள் என்று 8 வயது மூளை முடிவெடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அன்றைக்குக் கிடைத்த அன்பு அவனைப் பயமுறுத்தவில்லை. விளக்கம் இல்லாமல் கிடைத்ததுதான் பயமுறுத்தியது.

அதனால் இந்த வாரமே பேசுங்கள். அவன் மறுபடி கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டோமென்றால் குழந்தைகள் பெரும்பாலும் மறுபடி கேட்பதில்லை. “அன்னிக்கு ஒண்ணு கேட்டியே, நான் பதில் சொல்லல, இப்ப சொல்றேன்” என்று நீங்களே ஆரம்பியுங்கள். முதலில், “உனக்கு ஏன் அப்படித் தோணுச்சு?” என்று கேட்டு, அவன் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். அப்புறம் பெயரைச் சொல்லுங்கள். “உனக்கு வந்ததுக்குப் பேரு லுகேமியா, ரத்தப் புற்றுநோய்னும் சொல்வாங்க. நீ எதுவும் தப்புப் பண்ணினதால வரல, யார்கிட்ட இருந்தும் ஒட்டிக்கிட்டும் வரல. பெரிய நோய்தான். ஆனா மருந்து நல்லா வேலை செய்யுது. திரும்ப வராம இருக்கறதுக்குத்தான் தினமும் மாத்திரை.” இந்த நான்கைந்து வாக்கியம் போதும்.

“சாக மாட்டேன்னு சத்தியம் பண்ணு” என்று கேட்டால்? சத்தியம் செய்யாதீர்கள். “சாகப் போறேன்னு எந்த டாக்டரும் சொல்லல. நீ நல்லாகறதுக்குத்தான் எல்லாரும் வேலை செய்யறாங்க. ஏதாவது மாறினா உன்கிட்ட மறைக்க மாட்டேன்” என்று சொல்லுங்கள். இது உண்மை. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இந்த ஏ.எல்.எல். தான், மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படக்கூடியதும்கூட. வசதியான நாடுகளில் ஐந்து ஆண்டு தாண்டி வாழ்பவர்கள் கிட்டத்தட்ட 90 சதவீதம். நம் நாட்டில் அந்த அளவு இல்லை என்றாலும், நல்ல மையத்தில் சிகிச்சையை நடுவில் விடாமல் முடிக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். உங்கள் மகனுக்கான கணிப்பை அவனுடைய மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள், கேட்கத் தயங்க வேண்டாம்.

பூங்கா அண்ணனைப் பற்றியும் ஒரு பதில் வேண்டும். “நீ களைச்சுப்போய் நின்னே, அவர் பார்த்தார், நாற்காலி போட்டார். வயசான தாத்தா நின்னிருந்தாலும் போட்டிருப்பார்.” அவ்வளவுதான்.

உங்கள் கணவரின் கோபம்

அவரைத் திட்டச் சொல்லித்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றியது. நான் திட்டப் போவதில்லை. அவர் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. சென்ற ஒரு வருடத்தில் மகனுக்காக அவர் செய்தது எல்லாமே ஊசி, டெஸ்ட், பில், கடன். அந்த ஒரு நாள்தான், அந்த ஒரு சாப்பாடுதான் அவர் மகனுக்குச் சந்தோஷமாக வாங்கிக் கொடுக்க நினைத்தது. அதற்காகத்தான் கடையில் இரவு வரை உட்கார்ந்து சேர்த்திருக்கிறார். பெயர் சொல்லாமல் பில் கட்டிவிட்டுப் போனவர் நல்ல மனதோடுதான் செய்தார், ஆனால் ஒரு அப்பாவின் கையிலிருந்து எதை வாங்கிக்கொண்டு போகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இதை உங்கள் கணவரிடம் அப்படியே சொல்லுங்கள். “நீங்க வாங்கிக் கொடுக்கணும்னு இருந்தீங்க, எனக்குப் புரியுது.” அதற்குப் பிறகு அவர் பேசுவார் என்று நினைக்கிறேன்.

ஆனால் நாற்காலி வேறு, வழிவிட்டது வேறு. அவை உங்கள் மகனுக்குத் தேவைப்பட்டவை. எந்த உதவியை வாங்கலாம், எதை வேண்டாம் என்று சொல்லலாம் என்ற குழப்பத்துக்கு நான் பெற்றோர்களுக்குச் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான். அந்த உதவி பிள்ளையின் களைப்பையோ வலியையோ பயத்தையோ குறைக்கிறதா? அப்படியானால் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையைக் காட்சிப்பொருளாக்குகிறதா, அவன் முன்னால் உங்களைச் சின்னதாக்குகிறதா? “ரொம்ப நன்றிங்க, பரவாயில்லை, நாங்க பார்த்துக்கறோம்” என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்வதால் யாருடைய மனதையும் மிதித்துவிட மாட்டீர்கள்.

கணவரிடம் கேட்க இன்னொன்றும் இருக்கிறது. முதல் மாதங்களில் உங்கள் மகனுக்கு எத்தனை பை பிளேட்லெட், எத்தனை பை ரத்தம் ஏறியது? உறவினர்கள் கொடுத்தது போக, ரத்த வங்கியிலிருந்து வந்தவையெல்லாம் முகம் தெரியாதவர்கள் கொடுத்தவை. பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அப்படியானால் அவன் அங்கே படுத்திருந்த அந்த வாரத்தில்தான் யாரோ ஒருவர் ஆபீசுக்கு லீவு போட்டோ, கல்லூரியிலிருந்து பஸ் பிடித்தோ வந்து கையை நீட்டியிருக்கிறார். அதை யாரும் பிச்சை என்று சொல்லவில்லை, உங்கள் கணவரும் சொல்லவில்லை. சாப்பாட்டு பில் அதைவிட எவ்வளவோ சிறியது.

திருப்பிக் கொடுக்க வழி கேட்டிருந்தீர்கள். பில் கட்டியவரைத் தேட வேண்டாம், அவர் தேடப்பட விரும்பவில்லை. உங்கள் கணவர் 18 முதல் 65 வயதுக்குள், ஆரோக்கியமாக இருந்தால் 90 நாளுக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கலாம். பெண்களுக்கு இடைவெளி 120 நாள். எடை 50 கிலோவுக்கு மேல் இருந்து, பரிசோதனையில் சரியென்றால், இயந்திரம் மூலம் பிளேட்லெட் மட்டும் கொடுக்கலாம், அதை ஆண்டுக்கு 24 முறை வரை கொடுக்க முடியும். ஒருமுறைக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும். உங்கள் மகனுக்கென்று கேட்டுக் கொடுக்காமல் பொதுவில் கொடுக்கச் சொல்லுங்கள். எதிர்காலத்தில் எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்படக்கூடிய குழந்தைக்கு நெருங்கிய உறவினரின் ரத்தத்தை நாங்கள் பொதுவாகத் தவிர்ப்போம், அதுவும் ஒரு காரணம். அல்சூரிலிருந்து எந்தப் பெரிய மருத்துவமனை ரத்த வங்கியும் தூரமில்லை. பூங்கா ஊழியருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால், நாளையும் எந்த ராட்டினம் என்பதையும் குறித்து நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். விதியைக் கொஞ்சம் வளைத்து உதவிய ஒரு பையனுக்கு அந்தக் கடிதம் நிஜமாகவே பயன்படும்.

வீடியோ

வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அந்தப் பெண் நல்லவர்தான், போடுவதற்கு முன் கேட்டிருக்கிறார். ஆனாலும் உப்பிய முகமும் முகக்கவசமுமாக ஒரு 8 வயதுப் பையன், கீழே “புற்றுநோய்ச் சிறுவன்” என்று ஒரு வரி. அது அவன் 15 வயதில் பள்ளி நண்பர்கள் கையில் கிடைக்கும், 25 வயதில் வேலைக்குப் போகும் இடத்தில் கிடைக்கும். அவன் குணமாகி வாழப்போகிற வாழ்க்கையை மனதில் வைத்து முடிவெடுங்கள். பெற்றோர் சம்மதிக்கவில்லை என்று ஒரு செய்தி அனுப்புங்கள், அழித்துவிடச் சொல்லுங்கள், உங்களுக்கு ஒரு பிரதி வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் ஏற்கெனவே போட்டிருந்தால் அந்தத் தளத்திலேயே குழந்தையின் தனியுரிமை என்ற காரணத்தில் பெற்றோர் புகார் கொடுக்கும் வசதி இருக்கிறது.

பணம்தான் கவலையென்றால் அதற்கு வீடியோ வழி அல்ல. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பிபிஎல் ரேஷன் அட்டை இருந்தால் ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவுக்கு இடம் உண்டு. உங்கள் மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரிடம் போய் உட்காருங்கள், அவர்கள் வேலையே இதுதான். யாராவது நன்கொடை தருவதாகச் சொன்னால், மருத்துவமனையில் பையனின் பதிவு எண்ணில் நேராகக் கட்டச் சொல்லுங்கள்.

வார்டில் கொடுத்த ஆசை நிறைவேற்றும் படிவத்தை, “கடைசி ஆசை கேக்கற மாதிரி இருக்கு” என்று மாமியார் கிழித்துப்போட்டதாக எழுதியிருந்தீர்கள். பெரியவர் பயம் புரிகிறது. மேக் எ விஷ் இந்தியா என்ற அமைப்பு 1996லிருந்து, 3 முதல் 18 வயது வரை உயிருக்கு ஆபத்தான நோயுள்ள குழந்தைகளுக்கு இதைச் செய்கிறது. உயிருக்கு ஆபத்தான நோய் என்றால் சாகப்போகிறவன் என்று பொருளில்லை, சிகிச்சையில் இருந்து பிறகு நன்றாகிவிடும் பிள்ளைகளும் அதில் உண்டு. இந்த மாதிரி முயற்சிகளில் ஒன்று தொடங்கிய கதை சோகமானதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஃப்ளோரிடாவில் ஹென்றி லேண்ட்வர்த் என்ற ஓட்டல் முதலாளி, நாஜி முகாம்களிலிருந்து தப்பிப் பிழைத்தவர். ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு சிறுமி பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வர ஆசைப்பட்டு, பயண ஏற்பாடுகள் முடிவதற்குள் இறந்துபோனாள். அவள் தங்க வேண்டிய அறையை அவர்தான் கொடுப்பதாக இருந்தது. இனி எந்தக் குழந்தைக்கும் இப்படித் தாமதமாகக் கூடாது என்று அவர் 1986இல் கிவ் கிட்ஸ் தி வேர்ல்டு என்ற அமைப்பைத் தொடங்கி, பிறகு ஒரு கிராமத்தையே கட்டினார். நோயாளிக் குழந்தையும் பெற்றோரும் கூடப்பிறந்தவர்களும் அங்கே ஒரு வாரம் செலவில்லாமல் தங்கலாம். கூடப்பிறந்தவர்களும் என்பதைக் கவனியுங்கள், உங்கள் மகள் கேட்டது அதைத்தான். படிவம் இன்னொன்று கிடைக்கும். நிரப்புவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், ஆனால் அபசகுனம் என்ற காரணத்துக்காக விடாதீர்கள்.

அந்தக் காய்ச்சல்

இதை நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு நெஞ்சு பதறியது. இரவு 101 டிகிரி, பாராசிட்டமால் சிரப் கொடுத்துக் காலை வரை காத்திருந்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை எண்ணிக்கை நன்றாக இருந்ததால் தப்பித்தான். மாத்திரைக் கட்டம் என்பதால் சிகிச்சை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறீர்கள். முடியவில்லை. தினமும் போகும் மெர்காப்டோப்யூரினும் வாரம் ஒருமுறை போகும் மெத்தோட்ரெக்சேட்டும் நோய் எதிர்ப்பு அணுக்களைக் குறைத்துக்கொண்டேதான் இருக்கும். போர்ட் வேறு இருக்கிறது, கிருமி அதில் தங்கலாம். அவனுக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு ஃபோன் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும், போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், காய்ச்சலை மறைத்துவிடும். இபுப்ரூஃபன் கூடவே கூடாது. வார்டு எண்ணை வீட்டில் எல்லோர் ஃபோனிலும் போட்டு வையுங்கள், பாட்டியின் ஃபோனிலும்.

கண் பட்டதால் வந்ததா? பூங்காவில்தான் ஒட்டியதா, பள்ளியிலிருந்து அக்கா கொண்டுவந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. மாமியார் சுற்றிப் போடட்டும், தடுக்காதீர்கள், அது அவருடைய அன்பு. ஆனால் முதலில் தெர்மாமீட்டர், ஃபோன், ஆட்டோ. திருஷ்டியை மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபிறகு கழிக்கலாம்.

மறுபடியும் போகலாமா

போகலாம். அவன் கேட்கிறான் என்பதே நல்ல அறிகுறி. போகும் வாரத்தில் ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு, மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போங்கள். வார நாளில், பள்ளி விடுமுறை இல்லாத மாதத்தில் போங்கள். மெத்தோட்ரெக்சேட் போகும் தோலுக்கு வெயில் சீக்கிரம் சுடும், முழுக்கை சட்டை போடுங்கள். தோளிலிருந்து கம்பி இறங்கி நெஞ்சை அழுத்தும் ராட்டினங்கள் வேண்டாம், போர்ட் அங்கேதான் இருக்கிறது. வெட்டி வைத்த பழம், திறந்த ஜூஸ் வேண்டாம். பக்கத்தில் யாருக்காவது அம்மையோ தட்டம்மையோ இருந்ததாகப் பின்னால் தெரிந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வரிசையில் முன்னுரிமை சட்டப்படி கேட்க முடியுமா என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு, தலசீமியாவும் ஹீமோஃபிலியாவும் அதில் இருக்கின்றன, புற்றுநோய் இல்லை. ஆகவே உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் முன்கூட்டியே நிர்வாகத்துக்கு மருத்துவர் கடிதத்தோடு எழுதிக் கேட்கலாம். அன்று ஒரு ஊழியரின் மனதை நம்பி நின்றதைவிட இது மேல். சாப்பாட்டை முன்கூட்டியே காசு கொடுத்துவிட்டுச் சாப்பிடுகிற கடையாகப் பாருங்கள், இந்த முறை கணவர் கையால் கட்டட்டும்.

மகளோடு ஒருவர் தனியாகப் போங்கள். தம்பியால் ஏற முடியாத பெரிய ராட்டினங்களில் அவள் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறட்டும், அந்த நேரம் தம்பியைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

நீர் விளையாட்டு பற்றி நிச்சயம் கேட்பான். ஊசி குத்தாத, தழும்பு ஆறிய போர்ட்டோடு தண்ணீரில் இறங்கலாம்தான். ஆனாலும் நூற்றுக்கணக்கானோர் இறங்கும் குளத்தில், அதுவும் அலைக் குளத்தில் வாயில் தண்ணீர் போகும்படி விளையாடுவதைச் சிகிச்சை முடியும்வரை தள்ளிப்போடச் சொல்வேன். உங்கள் மருத்துவரும் அதையே சொன்னால், அவனிடம் வீட்டிலேயே, கிளம்புவதற்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள். குளத்தின் ஓரத்தில் போய் நின்றுகொண்டு சொல்ல வேண்டாம்.